கோரையோட மல்லுக்கட்டுறீங்களா? பிடுங்குறதுக்கு முன்னாடி இத படிச்சுட்டு போங்க

பாத்தியில பச்சையா ஈட்டி மாதிரி ஒண்ணு நீட்டிட்டு நிக்கும், நேத்து சாயங்காலம் தண்ணி விடும்போது இல்ல, இன்னிக்கு காலைல இருக்கு, பிடிச்சு இழுத்தா பெருசா முரண்டு பிடிக்காம கையோட வந்துடும், அட இவ்ளோதானான்னு தூக்கி போட்டுட்டு உள்ள போயிடுவீங்க. பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா அதே இடத்துல மூணு நிக்கும். இந்தக் கதை உங்க தோட்டத்துலயும் ஓடுதுன்னா உங்களுக்கு வாய்ச்சிருக்கறது அநேகமா கோரை. கோரைப்புல், கோரைக்கிழங்கு, முத்தக்காசுன்னு ஆளுக்கொரு பேர் சொல்வாங்க, தாவரவியல்ல சைப்பரஸ் ரொட்டண்டஸ். 1977-ல களை ஆராய்ச்சி பண்றவங்க உலகம் முழுக்க விவரம் திரட்டி மோசமான களைகளை வரிசைப்படுத்துனப்போ முதல் இடம் இதுக்குத்தான் குடுத்தாங்க, 90-க்கும் மேல நாடுகள்ல 50-க்கும் மேல பயிர்கள்ல இது தொல்லைன்னு கணக்கு வந்துச்சு. அதனால நம்மளால ஒரு களைய கூட ஒழிக்க முடியலையேன்னு யாரும் மனசு விட்டுடாதீங்க, எதிர்ல நிக்கறது சாதாரண ஆள் இல்ல.

நான் இதோட அஞ்சு வருஷமா மல்லுக்கட்டுறேன். அதுல மொத ரெண்டு வருஷம் நான் பண்ணது கோரை ஒழிப்பு இல்ல, கோரை விவசாயம், அது அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த ரெண்டு வருஷத்த மத்தவங்களாவது மிச்சம் பண்ணட்டும்னுதான் இத எழுதுறேன்.

முதல்ல இது கோரைதானான்னு பாருங்க

இது ரொம்ப முக்கியம், ஏன்னா கோரை பாக்க புல் மாதிரி இருக்கும் ஆனா புல் இல்ல. புல்லுக்கு ஒரு குடும்பம், இதுக்கு வேற குடும்பம். புல்லுக்குனு விக்கற களைக்கொல்லிய அடிச்சா இது ஒரு இலை கூட வாடாம நிக்கறதுக்கு காரணமே அதான்.

பூ வந்த தண்டு ஒண்ணு கெடச்சா அடியில கிள்ளி ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டி பாருங்க. புல்லு தண்டு வழவழன்னு உருளும். கோரை உருளாது, தடக் தடக்னு இடறும், ஏன்னா தண்டு மூணு பட்டையா முக்கோணமா இருக்கும். நகத்தால குறுக்க வெட்டி பாத்தா முக்கோணம் கண்ணுக்கே தெரியும், உள்ள ஓட்டை இருக்காது, சதைப்பத்தா நெறஞ்சிருக்கும். தண்டுல நடுவுல கணுவும் இருக்காது. பூ இன்னும் வரலன்னா இலைய பாருங்க, மேல நின்னு நேரா கீழ குனிஞ்சு பாத்தா இலைங்க மூணு திசையா பிரிஞ்சு போற மாதிரி இருக்கும், புல்லுல இலைங்க ரெண்டு பக்கமா மாறி மாறித்தான் வரும். இலைக்கு ஒரு பளபளப்பு இருக்கும், நடுவுல நீளமா ஒரு பள்ளம் ஓடும்.

கோரையிலயே ரெண்டு ஆளுங்க இருக்காங்க, தோட்டத்துல பெருசா தொல்லை குடுக்கறது இவங்கதான். ஒண்ணு நான் மேல சொன்னது, கரும்பச்சை இலை, பூங்கொத்து செவப்பும் பழுப்பும் கலந்த ஒரு ஊதா மாதிரி, இலை நுனி சட்டுனு கூராகி முடிஞ்சுடும். இன்னொண்ணு மஞ்சள் கோரைன்னு வச்சுக்கலாம், சைப்பரஸ் எஸ்குலென்டஸ், இலை கொஞ்சம் வெளிறுன பச்சை, நுனி ஊசி மாதிரி நீளமா இழுத்துட்டு போகும், பூ வைக்கோல் கலர்ல இருக்கும். தோண்டி பாத்தா வித்தியாசம் இன்னும் நல்லா தெரியும். மஞ்சள் கோரையில ஒவ்வொரு நூல் முனையிலயும் ஒரே ஒரு கிழங்கு இருக்கும். ஊதாப்பூ கோரையில கிழங்கு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா மாலை கோத்த மாதிரி வரிசையா இருக்கும். இந்த மாலை விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுலதான் எல்லாமே இருக்கு.

இன்னும் ரெண்டு மூணு பேர் இது மாதிரியே வேஷம் போட்டுட்டு வருவாங்க. அருகம்புல் தரையோட ஓடும், கணுவுக்கு கணு வேர் விடும், தண்டு உருண்டை, அது வேற தொல்லை, அதுக்கு வைத்தியமும் வேற. விதையில இருந்து வர்ற ஒரு வருஷ கோரைங்க சிலது இருக்கு, அதுக்கும் முக்கோணத் தண்டுதான், ஆனா பிடுங்குனா கொத்தா நார் வேர் மட்டும் வரும், கிழங்கு இருக்காது, அது வந்தா சந்தோஷமா பிடுங்கி போட்டுட்டு போங்க, விதை விழறதுக்கு முன்னாடி பிடுங்கணும் அவ்ளோதான். அப்புறம் மழை லில்லி, இத சொல்றதுக்கே கூச்சமா இருக்கு, நான் ஒரு தடவ ஒரு வரிசை மழை லில்லிய கோரைன்னு நெனச்சு சுத்தமா தோண்டி எறிஞ்சுட்டேன். அது அடியில சின்ன வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா உரியும், கோரை கிழங்கு உரியாது, கெட்டியா இருக்கும்.

ஒண்ண மட்டும் ஒழுங்கா தோண்டி பாருங்க

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு செடிய பொறுமையா தோண்டுங்க, இழுக்கக் கூடாது. செடிய விட்டு ஒரு ஜாண் தள்ளி கொத்த இறக்கி, மண்ண பாளமா பேத்தெடுத்து, ஒரு பக்கெட் தண்ணியில போட்டு மெதுவா கரைங்க. மண் கரைஞ்சு போனதும் கையில என்ன மிஞ்சுதுன்னு பாருங்க.

இலைக்கு நேர் கீழ, மண்ணுல ஒரு விரக்கடை ஆழத்துல, ஒரு குட்டி வீக்கம் இருக்கும், தூர்க்கிழங்குனு சொல்லலாம். அதுல இருந்து வெள்ளையா நூல் கெளம்பும். இளசா இருந்தா சதைப்பத்தா இருக்கும், வயசானது கறுத்து போய் கம்பி மாதிரி ஆயிடும். அந்த நூல் பிடிச்சிட்டே போனா கருப்பா, சொரசொரன்னு, மேல முடி மாதிரி நார் ஒட்டிட்டு ஒரு கிழங்கு. அதுல இருந்து மறுபடி நூல், மறுபடி கிழங்கு. சிலது பக்கவாட்டுல போயி மேல எழும்பி புதுச்செடியா நிக்கும், சிலது கீழ இறங்கி சும்மா படுத்திருக்கும். ஒரு கிழங்க நகத்தால கீறி பாருங்க, உள்ள வெள்ளையா இருக்கும், கற்பூரம் மாதிரி காரமா ஒரு வாசனை அடிக்கும், அந்த வாசனைய ஒரு தடவ பிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் மண்ண கிளறும்போதே கோரை இருக்குன்னு மூக்கு சொல்லிடும்.

இப்ப நீங்க சாதாரணமா பிடிச்சு இழுக்கும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. அந்த வீக்கத்துக்கு கீழ நூல் டக்குனு அறும், கையில காதுக்கே கேக்காத ஒரு சின்ன அதிர்வா தெரியும். மேல இருக்கறது உங்க கைக்கு வந்துடும், கீழ மாலை அப்படியே கெடக்கும். அதுக்கும் மேல ஒரு கூத்து இருக்கு. மாலையா சேந்து இருக்கற வரைக்கும் நுனியில இருக்கற கிழங்கு மத்ததெல்லாம் முளைக்காம அடக்கி வச்சிருக்கும், செடியில நுனிக்கொழுந்து இருந்தா பக்கக் கிளை வராம இருக்கும்ல அதே சங்கதிதான். மாலைய அறுத்து விட்டீங்கன்னா தூங்கிட்டு இருந்த ஒவ்வொரு கிழங்கும் தனி ஆளா எழுந்து வரும். ஒண்ணு பிடுங்குன இடத்துல மூணு வர்ற ரகசியம் இதான், உங்க கைராசி கெட்டுப்போனதால இல்ல.

விதைய பத்தி பயப்பட வேணாம், ஊதாப்பூ கோரை விதை முளைக்கறது ரொம்ப அபூர்வம். எல்லா வேலையும் கிழங்குதான் பாக்குது. அதுங்கள்ல பெரும்பாலானது மேல் 15 சென்டிமீட்டர்ல இருக்கும், கொஞ்சம் 30 வரைக்கும் கீழ இறங்கி இருக்கும். ஒரு கிழங்கு நல்ல மண்ணுல தனியா விட்டா மூணு மாசத்துல நூறு கிழங்கு பக்கம் போட்டுடும்.

நான் பண்ண தப்பு

மொத வருஷம் கையால பிடுங்கி பிடுங்கி சலிச்சு போயி, ரெண்டாவது வருஷம் ஒரு டில்லர வாடகைக்கு எடுத்து பாத்தி முழுக்க ஓட்டுனேன். மழை பேஞ்சு மண்ணு பதமா இருந்துச்சு, வெண்ணெய் மாதிரி ஓடுச்சு, ஓட்டி முடிச்சு பாத்தா ஒரு பச்சை கூட இல்ல, போட்டோ எல்லாம் எடுத்து வச்சேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து எட்டி பாத்துட்டு "என்ன தம்பி கோரை வெத போட்டுட்டியா"ன்னு கேட்டாங்க. எனக்கு கொஞ்சம் கோவம்தான் வந்துச்சு. மூணு வாரத்துல புரிஞ்சுது. முன்னாடி ஒரு மூலையில மட்டும் இருந்தது, பிளேடு மாலைய எல்லாம் துண்டு துண்டா வெட்டி ஈர மண்ணோட பாத்தி முழுக்க பரப்பி விட்டுடுச்சு, நெல்லு நாத்து மாதிரி ஒரே சீரா முளைச்சு நின்னுச்சு.

அதனால ஒண்ணு மட்டும் கேளுங்க, ஈர மண்ணுல டில்லர் ஓட்டாதீங்க, கொத்தி கிளறி விடாதீங்க. காஞ்ச மண்ணுல ஓட்டறது வேற, அத பின்னாடி சொல்றேன்.

இது மாதிரி வேலைக்காகாத இன்னும் சில வைத்தியம் இருக்கு. கொதிக்கற தண்ணி ஊத்துனா இலை வெந்துடும், ஆழத்துல இருக்கற கிழங்குக்கு சூடு போய் சேராது. வினிகரும் அப்படித்தான், மேல கருகும், ரெண்டு வாரத்துல திரும்ப வரும். உப்பு போடுறது இருக்கே அது ரொம்ப மோசம், கோரை தாங்கிக்கும், உங்க மண்ணு தாங்காது, அங்க வேற எதையும் வளக்க முடியாம போயிடும்.

சின்ன இடமா இருந்தா: தோண்டி எடுத்துடுங்க

பத்து இருபது செடி, ஒரே மூலையிலன்னா யோசிக்கவே வேணாம், இன்னிக்கே தோண்டுங்க. கடைசி செடி நிக்கற இடத்துல இருந்து ஒரு அடி வெளிய தள்ளி வட்டம் போடுங்க, வெளிய இருந்து உள்ள நோக்கி வாங்க, குறைஞ்சது 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் போகணும். மண்ண அள்ளி ஒரு தார்ப்பாய்ல கொட்டுங்க, தரையில கொட்டாதீங்க, சிந்துன மண்ணுல ஒரு கிழங்கு இருந்தா அங்க ஒரு புது காலனி ஆரம்பிச்சுடும். அப்புறம் சல்லடை. அரை இன்ச் கண்ணு இருக்கறது போதும்னு சொல்வாங்க, ஆனா கோரையில பட்டாணி சைஸ்க்கும் கீழ குட்டிங்க இருக்கும், அதனால கால் இன்ச் கண்ணுதான் எனக்கு சரியா இருந்துச்சு. மண்ணு கொஞ்சம் காஞ்சிருந்தாதான் சலிக்க முடியும், களிமண்ணா இருந்தா சலிக்கறத மறந்துட்டு கையால கட்டி உடைச்சு பொறுக்குங்க, ரேடியோவ போட்டுட்டு உக்காந்தீங்கன்னா ஒரு சாயங்காலத்துல ஒரு சதுர மீட்டர் முடிக்கலாம்.

எடுத்த கிழங்க கம்போஸ்ட்ல போடாதீங்க. வீட்டு கம்போஸ்ட் அந்த அளவுக்கு சூடாகாது, உரத்தோட சேத்து அடுத்த பாத்திக்கு நீங்களே கொண்டு போய் குடுத்த மாதிரி ஆயிடும். கருப்பு பிளாஸ்டிக் பையில கட்டி வெயில்ல மாசக்கணக்குல போட்டு வையுங்க, இல்ல ஒரு தகரத்துல பரப்பி நல்லா சுக்கா காய விடுங்க. காஞ்சுதான்னு எப்படி தெரியும்னா உடைச்சு பாருங்க, உள்ள வெள்ளையா பால் மாதிரி இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா சுருங்கி நொறுங்குனா முடிஞ்சுது.

எல்லாம் எடுத்துட்டோம்னு நம்பிடாதீங்க, கட்டாயம் நாலஞ்சு விட்டுருப்பீங்க. அதுக்குத்தான் அடுத்தது.

பெரிய இடமா இருந்தா: பட்டினி போடுங்க

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதான். தோண்ட முடியாத அளவுக்கு பரவியிருந்தா கிழங்க தேடி அலையாதீங்க, அதோட சாப்பாட்ட தீத்து விடுங்க.

ஒரு கிழங்கு முளைக்கும்போது அதுக்குள்ள சேத்து வச்ச மாவுச்சத்த எடுத்துத்தான் மேல வருது. மொத இலைங்க வர்றதுக்கே அந்த இருப்புல பெரும்பங்கு செலவாயிடும். அப்புறம் ஒரு கட்டம் வரைக்கும் கடன்லதான் ஓடும், இலை வெயில பிடிச்சு சம்பாதிக்க ஆரம்பிச்சு, அஞ்சு ஆறு இலை ஆனதும் வரவு செலவ தாண்டும், அதுக்கு அப்புறம் கீழ புது கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதாவது அஞ்சாவது இலை வர்றதுக்கு முன்னாடி நீங்க மேல வெட்டுனா அதுக்கு நஷ்டம், அப்புறம் வெட்டுனா உங்களுக்கு நஷ்டம். இவ்ளோதான் கணக்கு.

எப்படி செய்யறதுன்னா, மூணு இலை நாலு இலை இருக்கும்போதே கூர்மையான களைக்கொத்தி எடுத்துட்டு மண்ணுக்கு ஒரு ரெண்டு விரல் கீழ சீவிட்டு போங்க. இழுக்காதீங்க, கிளறாதீங்க, சீவறது மட்டும்தான். மாலை அசையக் கூடாது. அது மறுபடி முளைக்கும், முளைக்கட்டும், நமக்கு அதான் வேணும், ஒவ்வொரு தடவையும் சேமிப்புல இருந்து எடுத்து செலவு பண்ணுது. நல்ல வெயில் காலத்துல வாரத்துக்கு ஒரு தடவ, குளிர்ச்சியா இருந்தா பத்து பன்னெண்டு நாளுக்கு ஒரு தடவ. தேதி பாத்து செய்யறத விட இலைய எண்ணி செய்யுங்க, ஏன்னா வளர்ற வேகம் மண்ணுக்கு மண் மாறும். நான் வாரத்துல ஒரு நாள்னு வச்சுகிட்டேன், காபி டம்ளரோட ஒரு ரவுண்டு, கையில கொத்து, அம்பது சதுர மீட்டருக்கு அரை மணி நேரம். மொத ரெண்டு மாசம் ஒண்ணுமே குறையாத மாதிரி இருக்கும், இன்னும் சொல்லப்போனா ஜாஸ்தியான மாதிரி கூட தோணும், ஏன்னா நுனிக்கிழங்கு செத்ததும் அடுத்தது எழுந்து வருது, எல்லாரும் இங்கதான் விட்டுடுறாங்க. மூணாவது மாசம் இலைங்க மெலிய ஆரம்பிக்கும், நூல் மாதிரி வரும், நிறம் வெளிறும், அப்ப தெரிஞ்சுக்கோங்க இருப்பு காலின்னு.

நடுவுல மூணு வாரம் வெளியூர் போயிட்டு வந்தீங்கன்னா பழைய கணக்கு திரும்ப ஏறிடும், எனக்கு ஏறுச்சு. போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கொத்த குடுத்துட்டு போங்க, முடியலன்னா கனமா எதையாவது போட்டு மூடிட்டு போங்க.

வெயில வேலை வாங்குங்க

ஊதாப்பூ கோரைக்கு ஒரு பெரிய பலவீனம், கிழங்கு காஞ்சா செத்துடும். மண்ணு காஞ்சு தூசி பறக்கற சீசன் உங்களுக்கு இருக்குன்னா, அந்த பாத்திக்கு தண்ணி விடறத சுத்தமா நிறுத்திட்டு, கொத்தி புரட்டி விட்டு, கட்டி எல்லாம் உடைச்சு, கிழங்குங்க வெயில் பாக்கற மாதிரி ஒரு பத்து பதினஞ்சு நாள் விடுங்க, அப்புறம் மறுபடி புரட்டுங்க, மறுபடி விடுங்க. மூணு நாலு தடவ இப்படி பண்ணா மேல்மண்ணுல இருக்கறதுல பெரும்பகுதி சுக்கா போயிடும். டில்லர் ஓட்டணும்னா இப்ப ஓட்டலாம், அறுந்து தனியா கெடக்கற கிழங்கு சீக்கிரம் காயும். ஆனா நடுவுல ஒரு மழை பேஞ்சுதுன்னா நான் முன்னாடி சொன்ன நாத்து கதைதான், அதனால வானத்த பாத்து செய்யுங்க. கட்டி உடைக்காம விட்டாலும் பிரயோஜனம் இல்ல, கட்டிக்குள்ள ஈரத்தோட சொகமா இருந்துக்கும். மஞ்சள் கோரைக்கு இத நம்பி எறங்காதீங்க, அதோட கிழங்கு காயறத ரொம்பவே தாங்கும்.

கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட ஈர மண்ணு மேல இறுக்கி விரிச்சு, ஓரத்த மண்ணுல புதைச்சு, உச்சி வெயில் காலத்துல நாலுலேந்து ஆறு வாரம் விடற முறையும் இருக்கு, மண்ணு உள்ள வெந்துடும். மேலாப்புல இருக்கற கிழங்கு சாகும், ஆழத்துல இருக்கறது தப்பிச்சு வரும். இத மட்டும் வச்சு முடிச்சுடலாம்னு நெனைக்காதீங்க, ஆனா சீவற வேலைய பாதியா குறைக்கும்.

மூடாக்கு போட்டா போகுமா

சாதாரண மூடாக்கு, அதாவது வைக்கோல், சருகு, மரப்பட்டைத் துண்டு எல்லாம் கோரைக்கு போர்வை மாதிரி, குத்திட்டு மேல வந்துடும். மெல்லிசான கருப்பு பிளாஸ்டிக்கும் அதே கதி, குருத்து ஊசி மாதிரி சுருண்டு கூரா வர்றதால நேரா ஓட்டை போட்டுட்டு எட்டி பாக்கும், மொத தடவ பாக்கும்போது நம்பவே முடியல. வேடிக்கை என்னன்னா தெளிவான பிளாஸ்டிக்ல அவ்வளவா குத்தாது, உள்ளயே வெளிச்சம் பட்டதும் மேல வந்துட்டோம்னு நெனச்சு இலைய விரிச்சிடும், விரிச்ச இலையால குத்த முடியாது, அங்கயே வெந்து போகும்.

குத்த முடியாதது நெருக்கமா நெய்த களைத் துணிதான், களை வராம இருக்க தரை மேல விரிக்கற துணி. தடிமனா வாங்குங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஒரு அடி ஏற்றி போடுங்க, ஓரத்துல வர்றத விடாம சீவுங்க. நடைபாதைக்கும், ஒரு சீசன் சும்மா விடக்கூடிய இடத்துக்கும் இது சரி.

இன்னொரு நல்ல ஆயுதம் நிழல். கோரைக்கு வெயில் வேணும், நிழல்ல சவலை பாயும், கிழங்கும் கம்மியா கட்டும். சீவி சீவி கொஞ்சம் தளர்ந்ததும் அந்த எடத்துல சர்க்கரைவள்ளி, தட்டைப்பயறு மாதிரி சீக்கிரம் படர்ந்து தரைய மூடறத நெருக்கமா நட்டுடுங்க. வெங்காயம், பூண்டு, கேரட் மாதிரி ஒல்லியா நிக்கறத அங்க ரெண்டு வருஷத்துக்கு நடாதீங்க, அதுங்க நிழலே தராது, களை எடுக்கும்போது எது எதுன்னு உங்களுக்கே குழம்பும். கேரட்ட கோரை குத்திட்டே உள்ள வளர்ந்ததையும் பாத்திருக்கேன்.

புல்தரையில வந்தா

புல் வெட்டுன ரெண்டாவது நாளே கோரை மட்டும் தலைய நீட்டிட்டு தனியா தெரியும், புல்ல விட வேகமா வளரும் அதான். இங்க தோண்டவும் முடியாது, ஷீட் போடவும் முடியாது. புல்ல ஒட்ட வெட்டாம கொஞ்சம் உயரமா விடுங்க, அடர்த்தியா இருந்தா அது போடற நிழலே பாதி வேலைய பாக்கும். தண்ணி தேங்கற பள்ளம் இருந்தா மேடாக்குங்க, கோரை ஈரத்துல கொண்டாட்டமா வளரும், சொட்டுற குழாயடியில மொத ஆளா வந்து நிக்கறது அதான். குறைவா இருந்தா கத்தியால தூர்க்கிழங்கோட சேத்து கிள்ளி எடுத்துட்டே இருங்க.

மருந்து அடிக்கணும்னா

நான் வீட்டு தோட்டத்துல கடைசியா யோசிக்கற விஷயம் இது, ஆனா அடிக்கறவங்க தெரிஞ்சு அடிங்க. எந்த மருந்துக்கு எங்க அனுமதி இருக்குங்கறது நாட்டுக்கு நாடு மாறும், கிளைஃபோசேட்ங்கற களைக்கொல்லிய வீட்டு உபயோகத்துக்கு விக்கவே கூடாதுன்னு வச்சிருக்கற நாடும் இருக்கு. அதனால மொதல்ல உங்க எடத்துல எது அனுமதின்னு பாருங்க, அப்புறம் லேபிள முழுசா படிங்க, அளவு அதுல போட்டிருக்கறதுதான், ஒரு மூடி கூட ஊத்துனா சீக்கிரம் சாகும்னு கிடையாது, இலை சீக்கிரம் கருகி மருந்து கீழ இறங்காமயே போயிடும்.

புல்தரைக்குள்ள இருக்கற கோரைய மட்டும் பிடிக்கறது ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல், பெரும்பாலான புல்ல விட்டுட்டு கோரைய பாத்து அடிக்கும். மெதுவாத்தான் வேலை செய்யும், ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் ஆகலையேன்னு தோணும், பொறுங்க. காய்கறி, பூச்செடி பக்கம் கொண்டு போகாதீங்க. கிளைஃபோசேட் பச்சையா இருக்கற எல்லாத்தையும் கொல்லும், அது இலை வழியா கிழங்குக்கு இறங்கும்ங்கறது உண்மைதான், ஆனா செடியோட சேந்து உயிரோட்டமா இருக்கற கிழங்குக்குத்தான் போகும், தூங்கிட்டு இருக்கறதுக்கு போகாது, அதனால ஒரே தடவையில முடியாது. இன்னொண்ணு, கலங்கல் தண்ணியில கலக்காதீங்க, மண்ணு துகள் மருந்த பிடிச்சு வச்சுக்கும், மருந்து செத்துடும். தூசி படிஞ்ச இலையிலயும் அதே பிரச்சனைதான்.

எப்ப அடிக்கணும்னா, நல்லா வளர்ந்துட்டு இருக்கும்போது, இலை போதுமான அளவு இருக்கணும், ஆனா பூ வர விடக் கூடாது. அடிக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியும் பின்னாடியும் வெட்டாதீங்க, இலை இருந்தாத்தான் மருந்து உள்ள போகும். வாடி நிக்கற செடியில அடிச்சா வீண். காத்து வீசும்போது அடிக்காதீங்க. பூச்செடிக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு இருந்தா ஸ்ப்ரேயர் வேணாம், கையுறை போட்டுட்டு, லேபிள்ல அந்த முறை இருந்தா, ஸ்பாஞ்சுல தொட்டு இலையில மட்டும் தடவி விடுங்க. குழந்தைங்களும் நாய் பூனையும் காயுற வரைக்கும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

திரும்ப உள்ள வராம பாத்துக்கறது

என் தோட்டத்துக்கு கோரை எப்படி வந்துச்சுன்னு யோசிச்சு பாத்தா, ஒரு லோடு செம்மண் வாங்கி கொட்டுன எடத்துலதான் மொத மொத பாத்தேன். அதுக்கு அப்புறம் எந்த மண்ணு வந்தாலும் நேரா பாத்திக்கு போறதில்ல, ஒரு பக்கெட் எடுத்து தொட்டியில போட்டு மூணு வாரம் தண்ணி விட்டு பாக்கறேன், பச்சை ஈட்டி எதுவும் எட்டி பாக்கலன்னாதான் மீதி உள்ள போகும். வாங்குற செடித்தொட்டியையும் கவுத்து வேர் உருண்டைய ஒரு பார்வை பாருங்க, ஓரத்துல கருப்பா உருண்டை இருந்தா மண்ண முழுக்க கழுவிட்டு நடுங்க. தொட்டியில ஏற்கனவே வந்துடுச்சுன்னா இது இன்னும் சுலபம், செடிய எடுத்து வேரை தண்ணியில அலசி புது மண்ணுல வச்சுட்டு பழைய மண்ண ஷீட்ல பரப்பி காய விடுங்க.

கொத்து, மண்வெட்டி, செருப்பு இதுல ஒட்டற மண்ணோட கிழங்கு ஊர் மாறும். கோரை இருக்கற பாத்திய கடைசியா வேலை பாருங்க, முடிச்சதும் கருவிய கழுவுங்க. யாருக்காவது செடி பிரிச்சு குடுக்கறதா இருந்தா வேரை கழுவி குடுங்க. நான் குடுத்த ஒரு சாமந்தி தூரோட அந்த பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்துக்கும் கோரை போயிடுச்சு, அவங்க இன்னும் அத சொல்லி காட்டாம இருக்கறதில்ல. "தம்பி குடுத்த சாமந்தி போயிடுச்சு, கூட குடுத்தது நல்லா இருக்கு"ம்பாங்க.

மேல ஒண்ணுமே இல்லன்னாலும் கிழங்கு மண்ணுக்குள்ள ரெண்டு மூணு வருஷம் தூங்கும், அதனால அது வரைக்கும் அந்த வாராந்திர ரவுண்ட விட்டுடாதீங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும். எங்க தோட்டத்துல இப்ப பாத்தியில வர்றதில்ல, குழாயடி ஓரத்துல மட்டும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வருது. இன்னிக்கு காலைல கூட ஒண்ண பாத்தேன், நாலு இலை, அஞ்சாவது குருத்து சுருண்டு வெளிய வந்துட்டு இருக்கு. கொத்து எங்க வச்சேன்னு தேடணும்.